திடீர்னு மூச்சு வாங்குதா... 'கேஸ்'னு விட்டுடாதீங்க! நுரையீரல் ரத்த உறைவிலிருந்து மீள ஒரு முழுமையான கைடு

பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குது. இழுத்து மூச்சு விட்டா விலாவில் ஊசி குத்துற மாதிரி வலி. வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும்? 'நேத்து ராத்திரி பரோட்டா சாப்பிட்டல்ல... வாயுப் பிடிப்புதான். பூண்டுப் பால் குடி, சரியாகிடும்!'

பல நேரம் அது வாயுவாகவே இருக்கும். சில நேரம் மட்டும், நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு ரத்தக்கட்டி போய் அடைத்திருக்கும். மருத்துவத்தில் இதற்குப் பெயர் 'பல்மனரி எம்பாலிசம்'. இளம் வயதினருக்கும் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரை எடுக்கும். நேரத்தோடு கண்டுபிடித்தால், பெரும்பாலானோர் பிழைத்து வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மணி நேரமும், நீங்கள் டாக்டரிடம் சொல்லும் சில வார்த்தைகளும்தான்.

கால்ல ஆரம்பிச்சு நுரையீரலுக்கு...

அடிபட்ட இடத்தில் தோலுக்கு அடியில் நீலமாகத் தெரியுமே, அந்த ரத்தக்கட்டு வேறு. இது ரத்தக்குழாய்க்கு உள்ளேயே உருவாகும் கட்டி. பெரும்பாலும் கெண்டைக்கால் அல்லது தொடையின் ஆழத்தில் ஓடும் சிரைகளில் ஆரம்பிக்கும். இந்த நிலைக்கு 'டீப் வெய்ன் த்ரோம்போசிஸ்', சுருக்கமாக டி.வி.டி என்று பெயர்.

அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்தால், ரத்தத்தோடு மேலே போய், இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் சிக்கிக்கொள்ளும். அடைப்பு பெரிதாக இருந்தால், அதைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயத்தின் வலது பக்கம் திணறும். பி.பி இறங்கும், மயக்கம் வரும். இந்த நோயில் உயிர் போவதற்கு முக்கியக் காரணமே இதயம் இப்படித் தோற்றுப்போவதுதான்.

ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே காலுக்கும் நுரையீரலுக்கும் உள்ள இந்தத் தொடர்பை விளக்கிவிட்டார். அவர் பிறந்த நாளான அக்டோபர் 13-ஐத்தான் இன்று 'உலக த்ரோம்போசிஸ் தின'மாகக் கடைப்பிடிக்கிறார்கள். ரத்த ஓட்டம் தேங்குவது, ரத்தக்குழாய்ச் சுவரில் காயம், ரத்தம் சுலபமாக உறையும் தன்மை... உறைவுக்கு இந்த மூன்றும்தான் வழி என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயரிலேயே படிக்கிறார்கள்.

ஐயம்பேட்டைத் தறிக்குழியில் ஒரு பாடம்

ரத்தம் ஏன் காலில் தேங்குகிறது? காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் ஐயம்பேட்டை மாதிரியான நெசவு ஊரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழித்தறியில் நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கியிருப்பார். கையில் நாடா ஓடும்போது, கீழே கால் மிதியை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு மிதிக்கும் கெண்டைக்கால் தசை சுருங்கி, உள்ளே இருக்கும் சிரையைப் பிழிகிறது. பிழியும்போது ரத்தம் மேலே ஏறுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பக் கீழே இறங்காமல் தடுக்கின்றன. கெண்டைக்காலை 'இரண்டாவது இதயம்' என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். தறியில் உட்காருவதால் முதுகு வலி, முட்டி வலி வருவது உண்மை. ஆனால் அந்தக் கால் சும்மா இருப்பதில்லை.

இப்போது அதே தெருவில் இருக்கும் அடுத்த தலைமுறையைப் பாருங்கள். ஒருவர் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய் வருகிறார். இன்னொருவர் வீட்டில் லேப்டாப் முன்னால் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்'. உட்கார்ந்திருக்கும் நேரம் கிட்டத்தட்ட அதேதான். மிதி மட்டும் இல்லை.

அசையாமல் உட்காருவது என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி இருக்கிறது. 1940-ல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியபோது, மக்கள் இரவு முழுக்கப் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். அங்கே நுரையீரல் ரத்த உறைவால் இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியதைத் தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் கவனித்து, அதே ஆண்டு 'தி லான்செட்' இதழில் எழுதினார். நாற்காலியின் முன்சட்டம் தொடையை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்ததை அவர் சுட்டிக்காட்டினார்.

2003-ல் நியூசிலாந்து மருத்துவர்கள் ஒரு 32 வயது இளைஞரைப் பற்றி எழுதினார்கள். சில நாள்களில் 18 மணி நேரம் வரைகூட கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். முதலில் கெண்டைக்கால் வீங்கி வலித்தது. தானாகவே சரியாகவும் போனது. அதன்பின் மூச்சு வாங்க ஆரம்பித்து, கடைசியில் மயங்கி விழுந்தார். உயிர் பிழைத்தார். அந்த நிலைக்கு டாக்டர்கள் வைத்த பெயர், 'இ-த்ரோம்போசிஸ்'. கால் வலி போய்விட்டால் பிரச்னையும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம் என்பதுதான் இவர் கதை சொல்வது.

யாருக்கெல்லாம் ரிஸ்க் அதிகம்?

* இடுப்பு, முட்டி, வயிறு என்று பெரிய ஆபரேஷன் முடிந்தவர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் ரிஸ்க் இருக்கும்.
* பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டவர்கள், நாள் கணக்கில் படுக்கையில் இருப்பவர்கள்.
* கர்ப்பிணிகள். குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்கள். சிசேரியன் என்றால் இன்னும் கவனம் தேவை.
* புற்றுநோயாளிகள். காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வந்து போகும் குடும்பங்கள், நோயாளியின் ஒரு கால் மட்டும் வீங்கினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.
* ஏற்கெனவே ஒருமுறை உறைவு வந்தவர்கள், நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது வந்திருப்பவர்கள்.
* உடல் பருமன், புகைப்பழக்கம் உள்ளவர்கள்.
* 4 மணி நேரத்துக்கும் மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்பவர்கள். ரிஸ்க் ஏறக்குறைய இரு மடங்காகும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு. பயந்துவிட வேண்டாம்; இரு மடங்கானாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான்.

அடுத்தது ஹார்மோன் மாத்திரை. பி.சி.ஓ.எஸ் பிரச்னைக்கோ கருத்தடைக்கோ ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை சாப்பிடும் பெண்கள் நிறைய பேர். மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ரத்த உறைவு வருகிறது என்றால், எடுப்பவர்களில் 5 முதல் 12 பேருக்கு வரலாம் என்கிறது ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்கு. கர்ப்ப காலத்தில் வரும் ரிஸ்க் இதைவிட அதிகம். அதனால், டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பயந்து நிறுத்த வேண்டாம்.

ஆனால், தோழி சொன்னாள் என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிச் சாப்பிடாதீர்கள். கோயில் திருவிழா, கல்யாணம் என்று பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரைக்கும் இது பொருந்தும். வீட்டில் யாருக்காவது உறைவு வந்திருக்கிறதா, உங்களுக்குப் புகைப்பழக்கம் இருக்கிறதா, ஒற்றைத் தலைவலி இருக்கிறதா... இதையெல்லாம் கேட்ட பிறகுதான் ஒரு டாக்டர் எழுதித் தருவார். கடைக்காரர் கேட்க மாட்டார்.

இந்த அறிகுறிகளை மறக்காதீங்க

காலில்: ஒரு கால் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் பிடிப்பு மாதிரி விடாத வலி, தொட்டால் சூடு, தோல் சிவப்பது அல்லது நிறம் மாறுவது.

நெஞ்சில்: காரணமே இல்லாமல் திடீர் மூச்சுத்திணறல், ஆழ்ந்து மூச்சு விட்டால் குத்தும் வலி, படபடப்பு, இருமலில் ரத்தம், தலைசுற்றல், மயக்கம்.

எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்று அவசியமில்லை. காலில் எந்த அறிகுறியும் இல்லாமல் நேராக மூச்சுத்திணறலே வரலாம்.

நம்ம ஊரில் ஒரு பழக்கம் உண்டு. கால் வீங்கினால் 'நரம்பு பிசகியிருக்கு' என்று எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவி விடுவார்கள். டி.வி.டி இருக்கும் காலில் இதைச் செய்தால் கட்டி பிய்ந்து மேலே போகும் ஆபத்து உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், டாப்ளர் ஸ்கேன் எடுக்கும் வரை யாரையும் உருவ விடாதீர்கள்.

வலி மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. 2003-ல் ஈராக் போர்ச் செய்தி சேகரிக்கப் போன அமெரிக்கத் தொலைக்காட்சி நிருபர் டேவிட் ப்ளூம், ராணுவ வாகனத்தில் நெருக்கடியான இடத்தில் காலை மடக்கியே நாள்களைக் கழித்தார். கால் வலித்தது. போனில் பேசிய டாக்டர்கள் உடனே பரிசோதிக்கச் சொன்னார்கள். அவர் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஏப்ரல் 6-ம் தேதி நுரையீரல் ரத்த உறைவால் இறந்தார். வயது 39.

செரீனா கேட்டு வாங்கிய ஸ்கேன்

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு இது இரண்டு முறை நடந்தது. 2010-ல் காலில் கண்ணாடி வெட்டி, ஆபரேஷன்கள் நடந்து, 2011 தொடக்கத்தில் நுரையீரலில் உறைவு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே விம்பிள்டன் பட்டமும், லண்டன் ஒலிம்பிக் தங்கமும் ஜெயித்தார்.

2017 செப்டம்பரில் சிசேரியனில் மகள் பிறந்தாள். ஆபரேஷனுக்காக ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் மூச்சு வாங்கியதும், என்ன நடக்கிறது என்று செரீனாவுக்குப் புரிந்துவிட்டது. சி.டி ஸ்கேனும் ஹெப்பாரினும் வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தார்கள். முதலில் காலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அவர் விடாமல் கேட்டதால் சி.டி எடுத்தார்கள். நுரையீரலில் பல சிறிய கட்டிகள்!

அதோடு முடியவில்லை. இருமியதில் சிசேரியன் தையல் பிரிந்தது, வயிற்றுக்குள் ரத்தம் கட்டியது, மறுபடி ஆபரேஷன்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம் படுக்கையில்தான். 2018 ஜூலையில் அவர் விம்பிள்டன் ஃபைனல் ஆடினார்.

உலகமே அறிந்த ஒருவருக்கே இரண்டாவது முறை கேட்க வேண்டியிருந்தது என்றால், நாம் தெளிவாகச் சொல்லத்தானே வேண்டும்? கேஷுவாலிட்டியில் 'நெஞ்சு வலிக்குது டாக்டர்' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'மூன்று வாரம் முன்னாடி காலில் கட்டுப் போட்டேன்', 'போன மாசம் டெலிவரி ஆச்சு', 'ஹார்மோன் மாத்திரை சாப்பிடுறேன்', 'அப்பாவுக்கு இப்படி வந்திருக்கு'... இதில் எது பொருந்துமோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'இது நுரையீரல்ல ரத்தம் உறைஞ்சதா இருக்குமா டாக்டர்?' என்று நேராகவே கேட்கலாம். தப்பில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

திடீர் மூச்சுத்திணறல், மயக்கம், இருமலில் ரத்தம் என்றால் 108-ஐ அழையுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டாம். வழியில் மயங்கினால் பிடிக்க முடியாது. சி.டி ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரியாகப் போவது நல்லது.

அங்கே ஆக்ஸிஜன் அளவு, பி.பி, இ.சி.ஜி பார்ப்பார்கள். ரிஸ்க் குறைவானவர்களுக்கு 'டி-டைமர்' ரத்தப் பரிசோதனை உதவும். அது நார்மல் என்றால் உறைவு இல்லை என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். அதிகமாக இருந்தால் மட்டும் உறைவு உறுதி என்று ஆகிவிடாது. காய்ச்சல், கர்ப்பம், ஆபரேஷன் எல்லாவற்றிலும் அது கூடும். நோயை உறுதி செய்வது, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி ஆஞ்சியோகிராம். இதயம் எவ்வளவு திணறுகிறது என்பதை எக்கோ காட்டும்.

சிகிச்சையின் அடிப்படை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. இது எவ்வளவு முக்கியம் என்பதை 1960-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. மருந்து கொடுக்காத 19 பேரில் 5 பேர் உறைவால் இறந்தார்கள். மருந்து கொடுத்த 16 பேரில் ஒருவர்கூட உறைவால் இறக்கவில்லை.

பி.பி இறங்கி உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். அதனால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தக்கசிவு வர வாய்ப்பு உண்டு என்பதால் எல்லோருக்கும் போட மாட்டார்கள். 'அந்த ஊசியை ஏன் போடலை?' என்று வார்டில் சண்டை போடுவதற்கு முன், டாக்டரிடம் காரணத்தைக் கேளுங்கள்.

உறைவை வருமுன் தடுத்த கதையில் இந்திய வம்சாவளி அறுவை சிகிச்சை நிபுணர் விஜய் கக்கருக்கும் பெரிய இடம் உண்டு. லண்டனில் பணியாற்றிய அவர், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்த அளவு ஹெப்பாரின் கொடுத்தால் என்ன ஆகும் என்று 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கும் பன்னாட்டு ஆய்வை நடத்தினார். 1975-ல் முடிவு வந்தது. ஹெப்பாரின் கொடுக்காதவர்களில் 16 பேர் நுரையீரல் உறைவால் இறந்திருந்தார்கள். கொடுத்தவர்களில் 2 பேர். இன்று பெரிய ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றில் போடும் அந்தச் சின்ன ஊசியின் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

'இப்ப நல்லாத்தானே இருக்கேன்... மாத்திரை எதுக்கு?'

மீண்டு வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். 'ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை' என்று சொல்கிறோமே, அது ரத்தத்தில் தண்ணீர் கலப்பதும் இல்லை, கட்டியைக் கரைப்பதும் இல்லை. புதுக் கட்டி உருவாகாமல் தடுக்கிறது. பழைய கட்டியை உடம்பே மெல்லக் கரைக்கிறது. அதற்கு நேரம் வேண்டும். குறைந்தது 3 மாதம். காரணம் தெரியாமல் வந்த உறைவு என்றால் இன்னும் அதிக காலம், சிலருக்கு வாழ்நாள் முழுக்க. மூச்சு சீரானதும் நீங்களாகவே நிறுத்தினால் மறுபடி உறையலாம்.

* வார்ஃபரின், அசினோகௌமரால் எடுப்பவர்கள் ஐ.என்.ஆர் டெஸ்ட்டைத் தவறவிடக் கூடாது. பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாமல், ஒரே அளவில் சாப்பிடுங்கள்.
* ரிவரொக்ஸபான் 15 அல்லது 20 மி.கி மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது.
* தலைவலி, முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவு ஆபத்து கூடும். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.
* பல் பிடுங்கும் முன், இடுப்பில் ஊசி போடும் முன், இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லுங்கள்.
* மலம் கறுப்பாகப் போவது, சிறுநீரில் ரத்தம், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி, பீரியட்ஸில் வழக்கத்தைவிட மிக அதிக ரத்தப்போக்கு... இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது.
* கர்ப்பம் ஆக விரும்பும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்; ரிவரொக்ஸபான் போன்ற புது மாத்திரைகளும் கர்ப்பத்தில் கூடாது. அதற்குப் பதில் ஹெப்பாரின் வகை ஊசி போடலாம்.

பழைய நிலைக்கு வர எவ்வளவு நாள்?

ஆஸ்பத்திரியிலிருந்து சில நாள்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெளியில் பார்க்க ஒன்றுமே இருக்காது. கட்டும் இல்லை, தழும்பும் இல்லை. அதனால்தான் 'நல்லாத்தானே இருக்கான், வேலைக்குப் போகலையா?' என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். உண்மையில் களைப்பும், நடந்தால் மூச்சு வாங்குவதும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் இதைச் சோம்பல் என்று நினைக்கக் கூடாது.

டாக்டர் சரி என்றதும் நடக்க ஆரம்பிக்கலாம். 'அசைந்தால் கட்டி நகர்ந்துவிடும்' என்று படுத்தே கிடக்க வேண்டியதில்லை. முதல் வாரம் தெருமுனை வரை, அப்புறம் கோயில் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஜிம், பாரம் தூக்குவது, விமானப் பயணம் எல்லாம் கேட்டுவிட்டுத்தான்.

3 மாதம் மருந்து எடுத்த பிறகும் மூச்சு வாங்கினால் விட்டுவிடாதீர்கள். மீண்டவர்களில் நூற்றில் சுமார் 3 பேருக்கு, கரையாத கட்டி தழும்பாகி நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தத்தைக் கூட்டிவிடும். எக்கோவும் நுரையீரல் ஸ்கேனும் எடுத்தால் தெரிந்துவிடும். அதற்கு ஆபரேஷன் உட்படச் சிகிச்சைகள் இருக்கின்றன.

இன்னொன்று, மனசு. லேசாக நெஞ்சு பிடித்தாலும் 'திரும்ப வந்துடுச்சோ' என்ற பயம், ராத்திரி தூக்கமின்மை... மீண்ட பலருக்கு இருக்கிறது. இதுவும் இந்த நோயின் ஒரு பகுதிதான். அடுத்த செக்கப்பில் மூச்சைப் பற்றிச் சொல்வது மாதிரியே இதையும் சொல்லுங்கள், உதவி கிடைக்கும்.

இன்னிக்கே செய்யலாம்

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். எழ முடியாத பஸ் சீட்டில், குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள். பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். 20 முறை போதும். தறியில் கால் மிதிப்பது மாதிரிதான். தண்ணீர் குடியுங்கள். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே 'ரத்தம் உறையாமல் இருக்க என்ன தருவீங்க?' என்று கேளுங்கள்.

ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவரா நீங்கள்? போனை எடுத்து, லாக் ஸ்கிரீனில் வரும் எமர்ஜென்சி தகவலில் மாத்திரையின் பெயர், அளவு, வீட்டில் ஒருவர் நம்பர் மூன்றையும் இப்போதே பதிந்துவிடுங்கள். நீங்கள் மயங்கிக் கிடந்தாலும், ஆம்புலன்ஸில் இருப்பவர் அதைப் படித்துக்கொள்வார்.